சந்தனம் வைத்த ஹார்ட் டிஸ்க்

1. ஒன்பதரை மணி போன்

ஆயுத பூஜை லீவு நான்கு நாள் முடிந்து எஸ்டேட் திறந்த அன்று, காலை ஒன்பதரைக்கே எங்கள் சர்வீஸ் சென்டருக்கு போன் வந்துவிட்டது. அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் தகட்டை அழுத்தி வாஷரும் ஸ்பிரிங் பிளேட்டும் அடிக்கும் ஒரு பிரஸ் ஷாப். முதலாளி ராமலிங்கமே பேசினார்.

"கம்ப்யூட்டர் ஆன் ஆகுதும்மா. ஆனா ஹார்ட் டிஸ்க்கே இல்லன்னு சொல்லுது. ஆறு மாசமா அடிச்ச சரக்கோட லாட் ரெக்கார்டு பூரா அதுலதான் இருக்கு. நாளன்னைக்கு கஸ்டமர் இன்ஸ்பெக்‌ஷன். உடனே யாரையாவது அனுப்பு."

"நானே வரேன் சார்" என்றேன். "நீயா?" என்றார் அவர்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. நான் டிப்ளமா எலக்ட்ரானிக்ஸ் முடித்து இந்த வேலைக்கு வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. எந்தக் கம்பெனிக்குப் போனாலும் செக்யூரிட்டி என் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, "இன்ஜினியர் எங்கம்மா?" என்பார். அதனால் எனக்கு ஒரு பழக்கம் வந்திருந்தது. யார் எதைக் கேட்டாலும் பட்டென்று பதில் சொல்லிவிடுவேன். கொஞ்சம் தயங்கினாலும் "பொம்பளப் புள்ள, ஒண்ணும் தெரியல" என்று முடிவு கட்டிவிடுவார்களே என்ற பயம்தான். இப்போது பயம் என்கிறேன். அப்போது அதைத் திறமை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

2. கேபினட்டுக்குள்

கம்பெனிக்குள் நுழையும்போது பொரி இன்னும் தரையில் கிடந்தது. ஒவ்வொரு பிரஸ் மெஷின் மேலும் சந்தனம், குங்குமம், காய்ந்த சாமந்தி. கம்ப்யூட்டர் கண்ணாடி அறைக்குள் இருந்தது. கேபினட் மேல் பொட்டு இல்லை. பரவாயில்லை, இதையாவது விட்டுவைத்தார்களே என்று நினைத்தேன்.

ஆன் செய்தேன். திரையில் ஆங்கிலத்தில் நாலைந்து வரி வந்து நின்றது. கடைசி வரி, சி டிரைவ் ஃபெயிலியர். அதைப் படித்ததுமே ஸ்க்ரூடிரைவரை எடுத்துவிட்டேன்.

கேபினட்டைக் கழற்றியதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உள்ளே, ஹார்ட் டிஸ்க்கின் மேல்மூடியில், நாலு விரலால் இழுத்த சந்தனப் பட்டை. அதன் நடுவில் ரூபாய் அளவுக்குக் குங்குமம். ஓரத்தில் ஒரு சாமந்தி இதழ்கூட ஒட்டியிருந்தது. இரண்டு வருஷத்தில் கேபினட்டுக்குள் கரப்பான், பல்லி, எலிப் புழுக்கை எல்லாம் பார்த்திருக்கிறேன். பூஜை போட்ட ஹார்ட் டிஸ்க்கை அன்றுதான் பார்த்தேன்.

"யார் சார் இதைத் திறந்தது?"

ராமலிங்கம் எட்டிப் பார்த்தார். அவர் முகம் வெளுத்துவிட்டது. கண்ணாடிக் கதவைத் திறந்து, "ஏகாம்பரம்" என்று ஒரு சத்தம் போட்டார்.

ஏகாம்பரம் அந்தக் கம்பெனியில் மெஷின்களுக்கு ஆயில் போடுபவர். ஐம்பது வயதிருக்கும். வானகரத்தில் கழனி வேலை செய்துகொண்டிருந்த குடும்பம். அதிலிருந்து அவர்தான் முதன்முதலில் காக்கிச் சட்டை போட்டு ஃபேக்டரிக்கு வந்தவர். வருஷா வருஷம் மெஷின்களுக்குப் பூஜை செய்வது அவர் பொறுப்பு. கையைத் துடைத்துக்கொண்டே வந்து நின்றார்.

"நான்தான் சார் வெச்சேன்" என்றார். ஒளிக்கவே இல்லை. "மேல டப்பா மேல வெச்சா, சொக்காய்க்குப் பொட்டு வெச்சா மாரி இருக்கும்னு தோணுச்சு. அன்னிக்கு இந்த மேடம் தொறந்து காட்டிச்சே, இதுலதான் எல்லாம் கீது, இதான் மூளைன்னு. அதான் கரீட்டா அது மேலயே வெச்சேன்."

உண்மைதான். மூன்று மாதம் முன்பு சர்வீஸுக்கு வந்தபோது அவர் ஆசையாகக் கேட்டார், நானும் பெருமையாகக் காட்டியிருந்தேன்.

டிஸ்க்கைக் கழற்றி, ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, மறுபடி மாட்டினேன். அதே வரி. கேபிளை மாற்றினேன். அதே வரி. ராமலிங்கம் என் தலைக்கு மேலேயே நின்றார். கண்ணாடிக்கு வெளியே பிரஸ் ஆபரேட்டர்கள் கூடிவிட்டார்கள்.

"இது இவன் வேலைதானா? உறுதியா சொல்றியா?" என்றார்.

நான் யோசித்தேனா? இல்லை. ஹார்ட் டிஸ்க் மூடியில் காற்று போக ஒரு சின்ன ஓட்டை உண்டு, அதை அடைக்கக்கூடாது என்று எங்கோ படித்திருந்தேன். அந்த அரைகுறையை வைத்துக்கொண்டு சொன்னேன்.

"உறுதியா சொல்றேன் சார். சந்தனம் காத்து ஓட்டை வழியா உள்ள போயிருக்கு. அதான் போயிடுச்சு."

ராமலிங்கம் கெட்ட மனுஷர் இல்லை. ஆனால் அன்று பதறிப்போயிருந்தார். அத்தனை பேர் முன்னால் ஏகாம்பரத்தை வாய்க்கு வந்தபடி திட்டினார். பதினாறு வருஷம் சோறு போட்ட கம்பெனிக்கு உலை வைத்துவிட்டான் என்றார். "நாளையிலேருந்து உள்ள வராத" என்றார்.

ஏகாம்பரம் டிஸ்க்கையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வெளியே போய்விட்டார். எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனாலும் காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டோம் என்ற கர்வமும் இருந்தது. அதை மறைக்க விரும்பவில்லை.

3. டெஸ்ட் பெஞ்ச்

டிஸ்க்கைத் துணியில் சுற்றி எங்கள் சென்டருக்குக் கொண்டுவந்தேன். எதற்கும் ஒருமுறை பார்ப்போம் என்று டெஸ்ட் மெஷினில் மாட்டினேன். அந்தக் காலத்தில் கம்ப்யூட்டர் தானாக டிஸ்க்கைக் கண்டுபிடித்துக்கொள்ளாது. லேபிளில் டிஸ்க்கின் அளவைச் சொல்லும் சிலிண்டர், ஹெட், செக்டார் எண்களை செட்டப் திரையில் நாம்தான் கொடுக்க வேண்டும். கொடுத்தேன். ஆன் செய்தேன்.

டிஸ்க் எழுந்து உட்கார்ந்தது.

ஃபைல்கள் வரிசையாக ஓடின. ஆறு மாத லாட் ரெக்கார்டும் இருந்தது. ஒன்றுகூடக் கெடவில்லை. சந்தோஷப்பட வேண்டிய நேரம். ஆனால் டிஸ்க்கில் கோளாறு இல்லை என்றால் எதில் கோளாறு?

அந்தக் கம்பெனியின் சர்வீஸ் ஃபைலை எடுத்துப் பார்த்தேன். மூன்று மாதம் முந்தைய ரிப்போர்ட். என் கையெழுத்து. "தினமும் தேதி தவறாகக் காட்டுகிறது. சரி செய்யப்பட்டது."

தேதி பின்தங்கினால் மதர்போர்டு பேட்டரி சாகப்போகிறது என்று அர்த்தம். அந்தப் பேட்டரிதான், கரண்ட் இல்லாத நேரத்தில் டிஸ்க்கின் எண்களை ஞாபகம் வைத்திருப்பது. நான் பேட்டரியை மாற்றாமல் தேதியை மட்டும் திருத்திவிட்டு வந்திருக்கிறேன். நாலு நாள் லீவில் மெஷின் அணைந்து கிடந்ததும் பேட்டரி செத்து, மெஷின் தன்னிடம் டிஸ்க் இருப்பதையே மறந்துவிட்டது. காலையில் திரையில் வந்த முதல் வரியே பேட்டரியைப் பற்றித்தான் இருந்திருக்கும். நான் கடைசி வரியை மட்டும் படித்தேன்.

போன் பக்கத்திலேயே இருந்தது. எடுக்கவில்லை. நாளைக்கு நேரில் சொல்லலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். அன்று தூங்கவில்லை.

4. கேட் அருகில்

மறுநாள் காலை எட்டு மணிக்குப் போனால், கம்பெனி கேட்டுக்கு எதிரே டீக்கடை பெஞ்சில் ஏகாம்பரம் காக்கிச் சட்டையோடு உட்கார்ந்திருந்தார். மடியில் டிபன் பாக்ஸ்.

"ஊட்ல இன்னும் சொல்லல மேடம். சம்சாரம் அது பாட்டுக்குச் சோறு கட்டிக் குடுத்துச்சு, வந்துட்டேன்" என்றார். பிறகு மெதுவாக, "அது பொழைச்சிக்குமா?" என்று கேட்டார். ஹார்ட் டிஸ்க்கைத்தான் கேட்டார்.

"வாங்கண்ணா" என்று மட்டும் சொல்லி அவரையும் உள்ளே கூட்டிக்கொண்டு போனேன்.

புதுப் பேட்டரி போட்டு, எண்களைக் கொடுத்து, டிஸ்க்கை மாட்டினேன். மெஷின் கிளம்பியது. ராமலிங்கம் கண்ணை மூடி ஒரு பெருமூச்சு விட்டார். "காப்பாத்திட்டம்மா" என்றார்.

"சார், இது சந்தனத்தால போகல. பேட்டரி. போன தடவையே நான் மாத்தியிருக்கணும். தப்பு என்னோடது."

அவர் ஏகாம்பரத்தை ஒரு பார்வை பார்த்தார். "சரி விடு. இருந்தாலும் இவன் திறந்தது தப்புதானே? ஏகாம்பரம், போ, போய் வேலையப் பாரு."

ஏகாம்பரம் நகரவில்லை. "நேத்து எல்லார் எதிர்லயும் சொன்னீங்க சார். இத்தயும் அவங்க எதிர்ல சொல்லணும்" என்றார். குரல் உயரவில்லை.

ராமலிங்கம் தலையைக் குனிந்துகொண்டார். நான்தான் கண்ணாடிக் கதவைத் திறந்து வெளியே வந்தேன். நாற்பது பேர் இருப்பார்கள். பிரஸ்களை நிறுத்தச் சொன்னேன். நேற்று நான் சொன்னது தப்பு, பழுதுக்குக் காரணம் என் கவனக்குறைவு, ஏகாம்பரம் அண்ணா எதையும் கெடுக்கவில்லை என்று சத்தமாகச் சொன்னேன். என் காது சுட்டது. யாரும் சிரிக்கவில்லை.

ஏகாம்பரம் ஆயில் கேனைக் கையில் எடுத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"ஒண்ணு கேக்கறேம்மா. நேத்து சொன்னியே, அப்போ அது உனுக்கு நிச்சயமா தெரியுமா?"

"தெரியாதுண்ணா."

"தெரியாமயா அம்மாம் உறுதியா சொன்ன?"

அவர் கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார். அதுதான் என்னை உலுக்கிவிட்டது. கோபப்பட்டிருந்தால் நாலு வார்த்தை வாங்கிக்கொண்டு வந்திருப்பேன். அவர் மெஷின் பக்கம் போய்விட்டார்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு, டிஸ்க் தெரியவில்லை என்றால் முதலில் திரையின் எல்லா வரிகளையும் படி, பிறகு செட்டப், பேட்டரி, கேபிள், கடைசியாக டிஸ்க் என்று சொல்லிக் கொடுப்பார்கள். நானும் அதைத்தான் சொல்வேன். ஆனால் கஸ்டமர் "இது யார் வேலை?" என்று கேட்டால், அவர் மெஷினைப் பற்றிக் கேட்கவில்லை. ஒரு மனிதனை என்ன செய்வது என்று கேட்கிறார். அன்று நான் ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "தெரியலை சார், பார்த்துட்டு சொல்றேன்." அதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.