வீடு திரும்பிய நோயாளி

நம்பச் சொல்லி யாரையும் வற்புறுத்த மாட்டேன். என்னோடு சேர்ந்து ஒரு வகுப்பே இதைக் கேட்டது.

மருத்துவ மாணவர்களுக்கு ஆய்வுக் கட்டுரை எழுத ஆன்லைனில் சொல்லித் தருகிறேன். ஆவடி சேக்காட்டில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜைதான் வகுப்பறை. போன ஆடியில் ஒரு சாயங்காலம். எனக்கு எரிச்சல் தலைக்கேறியிருந்தது. பாதிப் பேர் கேமராவை அணைத்துவிட்டுத் தூங்கினார்கள். மீதிப் பேர் ஒரே கட்டுரையைப் பார்த்துக் காப்பியடித்திருந்தார்கள்.

கௌதமின் கட்டுரையைத் திரையில் போட்டேன். வார்டில் அவன் பார்த்த ஒரு பெண் நோயாளியைப் பற்றியது. அன்றைக்கே அனுப்பினால்தான் மாநாட்டில் அவனுக்கு இடம். விதிப்படி நோயாளியின் பெயர் எங்கும் இல்லை. கடைசி வரியைத் தமிழில் சொன்னால், 'நோயாளி குணமடைந்து வீடு திரும்பினார்.'

"இதுவும் காப்பிதானே, கண்ணா?"

"எல்லாரும் அப்படித்தானே மேடம் முடிக்கிறாங்க."

"வீட்டுக்குப் போனப்புறம் எப்படி இருந்தாங்கன்னு கேட்டியா?"

"இல்ல மேடம்..."

பல்லைக் கடித்தேன். அப்போது அந்த வரி அழிந்தது. எழுத்து எழுத்தாக... பின்னாலிருந்து.

திருத்தும் அனுமதி எனக்கு மட்டும்தான். என் கையிலோ தண்ணீர் டம்ளர்.

வரியை மறுபடி கொண்டுவந்தேன். மறுபடி அழிந்தது.

"யாருடா அது? விளையாட நேரமா இது?"

"மச்சான், நீதானே?" என்று யாரோ சிரித்தான்.

"சத்தியமா நாங்க இல்ல மேடம்," என்றாள் மைதிலி.

எல்லார் மைக்கையும் அணைத்தேன்.



பிறகு... டுர்ர்ர்... ஆட்டோ சத்தம். அதற்குள் ஒரு பெண்ணின் மூச்சு.

"வேம்புலிம்மா பேசறேன்... நான் ஊட்டுக்குப் போவலம்மா."

திரையில் கௌதமின் முகம் வெளுத்தது. மைக்கைத் திறந்தான்.

"மேடம்... அது அவங்க பேரு."

அவன் கட்டுரையை அனுப்பவில்லை. மாநாடு போயிற்று. ஞாயிற்றுக்கிழமை விசாரித்துக்கொண்டு வெள்ளானூர் போனான். அங்கிருந்தே என்னை அழைத்து, அந்த அம்மாளின் கணவர் துலுக்கானத்திடம் போனைக் கொடுத்தான்.

"நல்லா கீதுன்னுதாம்மா ஆஸ்பத்திரில அனுப்பனாங்க," என்றார். "தை மாசம். ஆட்டோல என் தோள்ல சாஞ்சிகினு வந்துச்சு. பாடி பாலத்தாண்ட வேர்க்குதுன்னுச்சு... அவ்ளோதாம்மா. உசுரோட ஊடு வந்து சேரல."