ஆறு நாளும் வந்த ஆள்

போன மாசக் கடைசிச் சனிக்கிழமை சாயங்காலம் நான் இருபத்துமூன்று சர்டிபிகேட்டில் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். ஒன்றில்கூடப் போடவில்லை. அந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. உங்களிடம் கொட்டாமல் வேறு யாரிடம் கொட்டுவது?

அதற்கு முன் ஒரு நன்றி. ஆபீஸ் நாற்காலியில் துண்டைப் போட்டுவிட்டு டீக்கடைக்குப் போய்விடுகிறவர்களை விளாசி இரண்டு வாரத்துக்கு முன் எழுதியிருந்தேனே... அதைப் பாராட்டி நிறையக் கடிதங்கள். 'சரியான சவுக்கடி' என்று ஒருவர். அந்தச் சவுக்கைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டியிருக்கிறது. அப்புறம் வருகிறேன்.

வாராவாரம் இங்கே வம்பளப்பது தவிர எனக்கு வேறு பிழைப்பும் உண்டு. தூத்துக்குடி புதுத் துறைமுகத்தில் சரக்கு ஏற்றி இறக்கும் ஆட்களுக்குப் பாதுகாப்பு வகுப்பு எடுக்கிறேன். ஆறு நாள் வகுப்பு, முடிந்ததும் சர்டிபிகேட். அதைக் கொடுக்க இந்த வட்டாரத்தில் அதிகாரம் பெற்றவன் நான் ஒருவன்தான். இதைச் சொல்லும்போது நெஞ்சு கொஞ்சம் நிமிரும். நிமிரட்டும், குனிய நேரம் வரும்.

இந்தத் தடவை வகுப்பு கைகாட்டும் ஆட்களுக்கு. கப்பலின் அடிக்கிடங்கை ஹோல்டு என்பார்கள். அதற்குள் நின்று ஆட்கள் மூட்டைகளை வலையில் அடுக்குவார்கள். மேலே வலையைத் தூக்கும் விஞ்ச் இயந்திரத்தை ஓட்டுகிறவருக்கு ஹோல்டுக்குள் நடப்பது கண்ணில் படாது. நடுவில், ஹோல்டின் வாயோரம் ஒருத்தர் நின்று கைகாட்டுவார். தூக்கு, இறக்கு, நிறுத்து... எல்லாம் அந்தக் கைதான். கை தப்பினால் கீழே நிற்பவன் தலையில் ஒரு டன் மூட்டை. சர்டிபிகேட் இல்லாமல் இனி யாரும் அங்கே நிற்கக் கூடாது என்று உத்தரவு வந்துவிட்டது.

சனிக்கிழமை. நிலாவாரை இலை மூட்டை அடுக்கிய ஒரு சரக்குக் கிட்டங்கிதான் எங்கள் பள்ளிக்கூடம். காற்றாடி கிடையாது, தும்மல் உண்டு. கம்பெனி மேனேஜர் சட்டைக்கு மேல் கோட்டு மாட்டி வந்து உட்கார்ந்திருந்தார். நான் பேனாவைத் திறந்து முதல் பெயரைக் கூப்பிட்டேன்.

"மிக்கேல்."

ஆறு நாளும் மிக்கேல் என்றால் 'உள்ளேன்' சொன்னவன் இரண்டாவது பெஞ்சில் சிரித்தபடி உட்கார்ந்தே இருக்கிறான். கதவுப் பக்கமிருந்து வேறொருத்தர் எழுந்து வருகிறார். நாற்பத்தைந்து வயது இருக்கும். வெள்ளைச் சட்டை, படிய வாரிய தலை. கழுத்து மட்டும் ஒரு பக்கமாகச் சாய்ந்தே இருந்தது. நான் அவரைப் பார்த்ததே இல்லை.

"நீரு யாருவே?"

"நாந்தான் சார் மிக்கேல்."

"அப்போ இது யாரு?"

"அது சூசை. எம் பொண்டாட்டிக்குத் தம்பி. எனக்குப் பதிலியா வந்தான்."

திருட்டு முழி ஏதும் இல்லை. பயமும் இல்லை. கல்யாண வீட்டில் தாம்பூலம் வாங்க வந்தவர் மாதிரி கையை நீட்டிக்கொண்டு நிற்கிறார்.

துறைமுகத்தில் பதிலி என்பது பெரிய விஷயமே இல்லை. ஒருத்தருக்கு வர முடியாவிட்டால் இன்னொருத்தரை அனுப்புவார். வந்தவர், வராதவர் பெயருக்கு 'உள்ளேன்' சொல்லி மூட்டை தூக்குவார். காலங்காலமாக நடக்கிறது, யாரும் கண்டுகொள்வதில்லை. ஆனால் படிப்புக்குமா ஐயா பதிலி?

"நா கப்பல்ல வேலைக்குப் போவணும்லா சார்? அதான் அவன அனுப்பினேன். ஒரு நாள் தப்பாம வந்தானா இல்லியா, நீங்களே சொல்லுங்க."

வந்தான்தான். வகுப்பிலேயே கெட்டிக்காரன் அவன்தான். அது வேறு என் வயிற்றெரிச்சல்.

மேனேஜர் என் காதருகே குனிந்தார். "திங்கக்கிழமை கப்பல் வருது சார். ஆள் பத்தாது. மூட்டை சுமந்து சுமந்து மிக்கேலுக்குக் கழுத்து போச்சு. இனி சுமக்கக் கூடாதுன்னு டாக்டர் எழுதியே கொடுத்துட்டார். இந்தக் காகிதம் இருந்தா மேல நின்னு கைகாட்டுவார். இல்லேன்னா மறுபடி ஹோல்டுக்குள்ளதான் இறங்கணும். போட்டு விட்டுருங்க."

கேட்டீர்களா? போட்டு விட வேண்டுமாம், தபால் பெட்டியில் கார்டு போடுவது மாதிரி. அந்தக் கழுத்தைப் பார்த்தால் பாவமாகத்தான் இருந்தது. அதற்காக...?

நான் சூசையைக் கூப்பிட்டேன். முப்பது வயசு, இரண்டு பிள்ளைக்குத் தகப்பன்.

"திங்கக்கிழமை நீ எங்க நிப்ப?"

"கீழ சார். ஹோல்டுல."

"மேல கைகாட்டப் போறது?"

"மச்சான்தான்."

"கை காட்டுறதைப் பத்தி இந்த ஆறு நாள்ல அவரு என்ன படிச்சாரு?"

சூசை அக்காள் புருஷனைப் பார்த்தான். தலையை நிமிர்த்திக் கிட்டங்கிக் கூரையைக் கொஞ்ச நேரம் பார்த்தான். திங்கட்கிழமை தலைக்கு மேல் தொங்கப்போகிற வலை அவன் கண்ணுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்த முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது.

"குடுக்காதீய சார்," என்றான்.

"ஏலே!" என்றார் மிக்கேல்.

"கோவப்படாதீய மச்சான். கீழ நிக்கது நானுல்லா?"

எனக்கோ உள்ளுக்குள் வெற்றிக் கொம்பு. விட்டேனா? சர்டிபிகேட்டை எடுத்து எல்லோருக்கும் உரக்கப் படித்துக் காட்டினேன். 'மேற்படி நபர் ஆறு நாளும் நேரில் வந்து, கீழே கையெழுத்திடுபவரிடம் நேரடியாகப் பயிற்சி பெற்றார்.' நேரில் என்று போட்டிருக்கிறது பாருங்கள், நேரில் என்றால் என்ன அர்த்தம் என்று மேலும் ஐந்து நிமிஷம் பேசினேன்.

மிக்கேல் சாய்ந்த கழுத்தோடு பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்.

"அதுல 'கையெழுத்திடுபவரிடம்'னு இருக்கே, அது யாரு சார்?"

"நான்தான்."

"நாலாம் நாளு வந்தது நீங்க இல்லியாமே. சூசை சொல்லுதான். உங்க மச்சினராம்லா?"

மேனேஜர் மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

"என் மச்சினன் எனக்காவ வந்தான். உங்க மச்சினரு உங்களுக்காவ வந்தாரு. இதுல என்ன சார் வித்தியாசம்?"

இப்போது அந்தச் சவுக்கு விஷயத்துக்கு வருகிறேன். நாலாம் நாள் காலை பத்திரிகை ஆபீசிலிருந்து தந்தி: கட்டுரை உடனே அனுப்பவும். என்ன செய்வேன்? என் மனைவியின் தம்பி நாசரேத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் ட்ரில் மாஸ்டர். லீவில் எங்கள் வீட்டில்தான் இருந்தான். என் நோட்டை அவன் கையில் கொடுத்து, "இதைப் பார்த்துச் சொல்லிக் கொடுத்துவிட்டு வா" என்று அனுப்பிவிட்டு மேஜையில் உட்கார்ந்துவிட்டேன். எதை எழுதினேன் தெரியுமா? நீங்கள் பாராட்டினீர்களே, நாற்காலியில் துண்டைப் போட்டுவிட்டுப் போகிறவர்களைப் பற்றி... அதைத்தான்.

மானம் போய்விட்டது. ஆனாலும் விடவில்லை. "யார் சொல்லிக் கொடுத்தால் என்ன, பாடம் சரியாக இருந்தால் சரி" என்று சமாளித்தேன். கவனித்தீர்களா? மிக்கேல் பேசிய பேச்சை இப்போது நான் பேசுகிறேன். நிரூபித்துக் காட்டவும் துணிந்தேன்.

"எல்லாரும் எழுந்திருங்க. வலை அறுந்து விழப்போகுது. அவசர நிறுத்தம். காட்டுங்க பார்ப்போம்."

சூசையோடு சேர்த்து இருபத்துமூன்று பேரும் எழுந்தார்கள். பள்ளிக்கூட விளையாட்டு விழாவில்கூட அப்படி ஒரு ஒழுங்கைப் பார்த்ததில்லை. ஒரே சமயத்தில், ஒரே விறைப்பில், இருபத்துமூன்று பேரும் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கினார்கள். சூசைதான் எல்லோரையும்விட நேராகத் தூக்கியிருந்தான்.

"இறக்குங்க, கையை இறக்குங்க!" என்று கத்தினேன்.

கையை மேலே தூக்கினால் விஞ்ச்காரருக்கு 'தூக்கு' என்று அர்த்தம். அவசர நிறுத்தத்துக்கு இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நீட்டி வீச வேண்டும். என் நோட்டில் 'இரு கைகளையும் நீட்டி' என்று மட்டும் இருந்தது. எந்தப் பக்கம் என்று எழுதவில்லை. நான்தானே சொல்லிக் கொடுக்கப் போகிறேன் என்ற நினைப்பு. ட்ரில் மாஸ்டருக்குத் தெரிந்த பக்கம் மேல்பக்கம். அவனைக் குற்றம் சொல்லி என்ன பிரயோஜனம்?

பேனாவை மூடினேன். மேனேஜர் தலையில் கை வைத்துக்கொண்டார். "யாருக்கும் கிடையாது," என்றேன். "நாளைக்கு மத்தியானம் எல்லாரும் வாங்க. நாலாம் நாள் பாடம் திரும்ப நடக்கும்."

ஞாயிற்றுக்கிழமையைக் கெடுத்த புண்ணியவான் என்று பெஞ்சுகளில் தொடங்கிய முணுமுணுப்பின் மீதியை இங்கே எழுத முடியாது. பூசை முடிந்து, சாப்பிட்டு, கண்ணில் தூக்கத்தோடு மறுநாள் வந்து சேர்ந்தார்கள். பாடம் முடிந்ததும் இருபத்திரண்டு பேருக்கும் கையெழுத்துப் போட்டேன், 'நேரடியாக' என்ற சொல்லை ஒவ்வொரு தடவையும் பார்த்துக்கொண்டே. மிக்கேலும் வந்திருந்தார். அவருக்கு அது முதல் வகுப்பு. மீதி ஐந்து நாளும் திங்கட்கிழமை தொடங்கிய அடுத்த வகுப்பில் உட்கார்ந்தார். கப்பலில் அவருக்குப் பதிலாக மூட்டை சுமந்தது யார் என்கிறீர்கள்? சூசைதான், தன் பங்கோடு சேர்த்து. அதற்குப் பதிலி போகலாம், தாராளமாகப் போகலாம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வருகைப் பதிவை எடுத்ததும் முதலில் என் பெயரை எழுதி, நானே வாசித்து, நானே "உள்ளேன்" என்றேன். ஒருத்தரும் சிரிக்கவில்லை.

கடைசி பெஞ்சில் மிக்கேல் மட்டும் சாய்ந்த கழுத்தோடு என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்: "ஆளு அவருதான். எழுதிக்கிடலாம்."