ரவூப் பாய் படம் போட்ட டி-ஷர்ட்

செக்கிங் மேசையில் என் பக்கத்தில் நிற்கிற அப்துல் ரவூப் பாய்க்கு எழுபது வயது. சரக்கு வாங்குகிற பையர் ஒப்புக்கொண்ட சாம்பிள் பீஸ் ஒன்று மேசையில் விரித்திருக்கும். வருகிற டி-ஷர்ட் ஒவ்வொன்றும் அதைப் போலவே இருக்கிறதா என்று பார்ப்பதுதான் எங்கள் வேலை. பாய் கண்ணுக்கு ஊசி ஓட்டைகூடத் தப்பாது. ஒரு காலத்தில் கிதார் வாசித்தேன் என்று அவர் சொன்னபோது நான் சிரித்துவிட்டேன். அதற்காக இன்றும் என் மேல் எனக்குக் கோபம்.

ஊட்டியில் ஒரு ஓட்டலில் ப்ளூஸ் வாசித்தவர் அவர். அது என்னவென்று கேட்டேன். "அழுகையை அவசரமில்லாம வாசிக்கறதுங்க" என்றார். ஊரெல்லாம் டிஸ்கோ பைத்தியம் பிடித்திருந்த எண்பதுகளின் தொடக்கத்தில் சென்னைக் கம்பெனி ஒன்று அவரை வைத்து இரண்டு இசைத்தட்டுகள் போட்டது. ப்ளூஸ் வேண்டாம், ஆட்டம் போட வைக்கிற மாதிரி ஃபங்க்கும் டிஸ்கோவும் வாசி என்றார்கள். வாசித்தார். இரண்டும் சீந்துவாரில்லாமல் கிடந்தன. பிறகு கல்யாணக் கச்சேரிகள், பிறகு அதுவும் இல்லை. தொண்ணூற்று நாலில் கிதாரை விற்றுவிட்டு மனைவி நூர்ஜானோடு திருப்பூர் வந்து பனியன் கம்பெனியில் சேர்ந்தார்.

ஆறு வருடத்துக்கு முன்னால் அவர் வீட்டுக்கு ஒரு போன் வந்ததாம். கிதார் வாசித்த ரவூப் வீடா என்று யாரோ சென்னையிலிருந்து கேட்டார்களாம். பாய் இரண்டு ஷிப்ட் நின்று கால் வீங்கி அப்போதுதான் உட்கார்ந்திருக்கிறார். வந்த எரிச்சலில், "அவரு மவுத்தாயிட்டாருங்க" என்றாராம். எப்போது இறந்தார் என்று கேட்டதற்கு, "தொண்ணூத்தி நாலுலீங்க" என்று சொல்லி வைத்துவிட்டார். வாயில் வந்ததையெல்லாம் பேசுவதா என்று நூர்ஜான் சண்டை பிடித்ததோடு அது முடிந்தது என்றுதான் நினைத்திருந்தார்.

இந்த வருடம் வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று அந்த இரண்டு தட்டுகளையும் மறுபடி வெளியிடுகிறது. தட்டோடு சேர்த்து விற்க டி-ஷர்ட்டும் வேண்டுமாம். டி-ஷர்ட் என்றால் திருப்பூருக்குத்தானே வர வேண்டும்? வந்தது, எங்கள் கம்பெனிக்கே. சாம்பிளின் நெஞ்சில் ஒரு படம்: சுருட்டை முடி, பெல்பாட்டம், கையில் கிதார். கீழே ஆங்கிலத்தில் அவர் பெயர், அதற்குக் கீழே 1955–1994. பாய் சாம்பிள் மேல் கையை வைத்தபடி நின்றார்.

"நாந்தானுங்க இது" என்றார்.

அவர் பெரிதாக எதுவும் கேட்கவில்லை. நான் உயிரோடு இருக்கிறேன், அந்த வருடத்தை மட்டும் எடுத்துவிடுங்கள் என்றார். பையரோடு பேசுகிற மெர்ச்சண்டைசர் மோனிஷா நல்ல பிள்ளை. பாயின் ஆதாரையும் போட்டோவையும் சேர்த்து மெயில் அனுப்பியது. மூன்றாம் நாள் பதிலோடு மேசைக்கு வந்தது.

"நாந்தான் அவருன்னு நெறையப் பேரு வர்றாங்களாம் பாய். அவரு ஊட்டுக்கே போன் பண்ணிக் கேட்டு உறுதி பண்ணியிருக்காங்களாம். தட்டு உறையிலயும் அப்படித்தான் அச்சாயிருச்சாமுங்க. சாம்பிள்ல எதையும் மாத்தக்கூடாதுங்கறாங்க."

"ஊட்டுல யாரு சொன்னாங்கன்னு போட்டிருக்குதா, அம்முணி?"

"யாரோ வயசானவருன்னு போட்டிருக்குதுங்க."

பாய் தலையை ஆட்டிக்கொண்டார். எனக்குத்தான் பொறுக்கவில்லை. அவரை இழுத்துக்கொண்டு முதலாளி மகுடேஸ்வரனிடம் போனேன். அவர் எழுந்து நின்று பாய்க்கு நாற்காலி போட்டார். மரியாதைக்கு மட்டும் இங்கே பஞ்சமே கிடையாது.

"பாய், நீங்க சொல்றதை நான் நம்பறனுங்க. ஆனா நீங்க செத்துட்டீங்கன்னு பையர் சொன்னா நமக்கும் அப்படித்தானுங்க. வெள்ளிக்கெழமை கப்பல். இதை நிறுத்துனா அடுத்த ஆர்டர் வராதுங்க."

"சரிங்க" என்று பாய் மேசைக்குத் திரும்பினார். நான்கு நாள் தன் முகத்தையே பார்த்துப் பார்த்துப் பாஸ் செய்தார்.

வியாழக்கிழமை மத்தியானம் ஒரு பீஸ் வந்தது. பிரிண்டிங்கில் ஸ்கிரீன் அடைத்துக்கொண்டதில் இரண்டாவது வருடம் விழவேயில்லை. 1955, ஒரு கோடு, அதற்குப் பிறகு வெறும் துணி. பாய் அதை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

"பையில போட்டுக்கங்க பாய். நான் பார்க்கலைங்க" என்றேன்.

அவர் அதைச் சாம்பிள் பக்கத்தில் விரித்தார். "சாம்பிள்ல இருக்குது, இதுல இல்லீங்களே" என்றார். சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒன்றை உரித்து, வருடம் இல்லாத இடத்தைக் காட்டி ஒட்டினார். பீஸை ரிஜெக்ட் கூடையில் போட்டுவிட்டு அடுத்ததை எடுத்தார்.