புளியமர நிழலில் ஒரு சோலார்

பாலகுருவுக்கு வண்டியை வெயிலில் நிறுத்த வராது. இருபத்திரண்டு வருஷம் சிவகாசியிலிருந்து பட்டாசு லோடு ஏற்றிப்போன மனிதர் அவர். நாக்பூரானாலும் சரி, நாமக்கல்லானாலும் சரி, டீ நல்லாயிருக்குமா என்பதெல்லாம் அவருக்குப் பிறகுதான், கடைக்கு முன்னால் மரம் இருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பார். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது நிழல் நகர்ந்துவிட்டால், எச்சில் கையோடு எழுந்துபோய் லாரியை நகர்த்திவிட்டு வந்து மிச்சச் சோற்றைச் சாப்பிடுவார். மரமே இல்லாத ஊராக இருந்தால் தார்ப்பாய்க்கு மேலே இரண்டு சாக்கை விரித்துப்போட்டுவிட்டு வானத்தை முறைத்துக்கொண்டு நிற்பார். அதில் தப்புச் சொல்ல முடியாது. லோடு சூடேறினால் போகிறது லோடு மட்டுமா என்ன?

முதுகுவலி வந்து லாரியை விட்டபின், பழைய வேன் ஒன்றை வாங்கி, அச்சங்குளத்துப் பக்கம் பட்டாசுக் கம்பெனிக்கு ஆட்களை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தார். வேனை வாங்கிய காரணம் அது மட்டுமில்லை. அம்புட்டு ஊரையும் தனியாகப் பார்த்துவிட்டோமே என்று அவருக்கு ஒரு குறை. கோதாவரிப் பாலத்தில் போகும்போதெல்லாம் இதைப் பெண்டாட்டி வேலுத்தாய் பார்க்கவில்லையே என்று நினைத்துக்கொள்வார். பிள்ளைகளைக் கட்டிக்கொடுத்தாயிற்று. இனி வேனிலேயே படுத்து, வேன் பக்கத்திலேயே பொங்கித் தின்று, பெண்டாட்டியோடு ஊர் ஊராகப் போக வேண்டும், முதலில் கன்னியாகுமரி. அதுதான் அவர் ஆசை.

வேலுத்தாய் ஏற்கெனவே ஒருமுறை நம்பிப்போய் நொந்தவள். திருச்செந்தூரில் வேனுக்குள் படுத்த அன்றைக்குக் காற்றும் இல்லை, தூக்கமும் இல்லை. ஒரு பழைய காலண்டர் அட்டையை வைத்து விடியவிடிய விசிறியதில் தோள்பட்டை ஒரு வாரம் வலித்தது. அந்த அட்டையை அவள் தூக்கிப்போடவே இல்லை. கன்னியாகுமரி என்று அவர் வாயெடுத்தால் போதும், உள்ளே போய் அட்டையை எடுத்துவந்து காட்டுவாள். அதோடு அந்தப் பேச்சு நின்றுவிடும்.

அந்த அட்டைக்குப் பதில் சொல்லத்தான் 2008-ல் மதுரைக்குப் போய் சோலார் வாங்கிவந்தார். நாற்பது வாட் பேனல் ஒன்று, பேட்டரி ஒன்று, வேனுக்குள் காற்றுக்கு மாட்டச் சின்ன காத்தாடி ஒன்று, பச்சையும் சிவப்புமாக லைட் எரிகிற ஒரு பெட்டி. சிவப்பு எரிந்தால் பேட்டரியில் சார்ஜ் இல்லை என்று அர்த்தம். கடைக்காரர் பத்து மீட்டர் வயரும் கொடுத்தார். வேனே அஞ்சு மீட்டர் இல்லையே, இவ்வளவு எதுக்கு என்று கேட்டதற்கு, கிடக்கட்டும், உதவும் என்றார். மிச்ச வயரைச் சுருட்டி சீட்டுக்கு அடியில் போட்டார் பாலகுரு. பேனலை வேன் கூரையில் நாலு போல்ட் போட்டு முடுக்கி, நடுவில் சந்தனம் குங்குமம் வைத்து, தேங்காயும் உடைத்தார்.

முதல் இரண்டு நாள் காத்தாடி பறந்து பறந்து சுற்றியது. கடையிலேயே பேட்டரி நிறைய சார்ஜ் ஏற்றிக் கொடுத்திருந்தார்கள், அது இவருக்குத் தெரியாது. அப்போது கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாத காலம். கரண்ட் போனதும் தெருவே வேனுக்குள் ஏறி உட்கார்ந்தது. பக்கத்து வீட்டு ஞானசுந்தரி முறுக்குப் பிழிகிற மாவோடு வந்துவிட்டாள். பாலகுரு வாசலில் நின்று வருகிறவர்களையெல்லாம் வாங்க வாங்க என்று வரவேற்றார். கல்யாண வீட்டில் பெண்ணைப் பெற்றவர்கூட அப்படி வரவேற்றிருக்க மாட்டார்.

மூன்றாம் நாள் சிவப்பு லைட். காத்தாடி நின்றது. கோபத்தோடு வேனை எடுத்துக்கொண்டு மதுரைக்கே போனார். உச்சிவெயிலில் ரோட்டில் இரண்டு மணி நேரம் போனதில் பேனல் நன்றாகக் குளித்துவிட்டது. கடைக்காரர் சுவிட்சைப் போட்டார், காத்தாடி ஓடியது. ஊருக்கு வந்தார், இரண்டு நாளில் நின்றது. மறுபடி மதுரை, மறுபடி ஓடியது. இது மதுரையில்தான் ஓடுவேன் என்கிறதே என்று தலையிலடித்துக்கொண்டார்.

நடந்தது இதுதான். காலையில் ஆட்களை இறக்கிவிட்டு, கம்பெனிக்கு வெளியே இருக்கிற புளியமரத்தடியில், ஒரு பொட்டு வெயில் படாத இடமாகப் பார்த்து வண்டியை விடுவார். இலை இடுக்கில் கொஞ்சம் வெளிச்சம் விழுந்தாலும் கூரையில் ஏறிப் பேனல்மேல் சாக்கை விரிப்பார். அத்தனை காசு போட்டு வாங்கிய சாமான் சூடேறலாமா? கை அதுபாட்டுக்குப் பழைய வேலையைச் செய்தது.

ஆடிக் கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடி மாரியம்மன் கோவிலுக்குப் போக வேண்டியிருந்தது. வேலுத்தாய் கறாராகச் சொல்லிவிட்டாள்.

"ஒரு பகல் ஒரு ராத்திரி வேன்லயே தங்குவோம். காத்தாடி ஓடுச்சுன்னா கன்னியாகுமரி. நின்னுச்சுன்னா வேனை வித்திருவோம், இனிமே அந்தப் பேச்சே கூடாது."

போகும்போது பையில் அந்தக் காலண்டர் அட்டையையும் எடுத்துவைத்தாள். பாலகுரு அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தார்.

விடிகாலையிலேயே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். கூட்டமென்றால் கூட்டம். அந்தக் கூட்டத்திலும் இன்னொரு வேன்காரரோடு மல்லுக்கட்டி, பெரிய மரமொன்றின் அடியில் இடம்பிடித்தார் பாலகுரு. சாக்கையும் விரித்தார். சாமி கும்பிட்டு, பொங்கல் வைத்து, வேனுக்குள் காத்தாடியடியில் உட்கார்ந்தபோது மணி பத்து. முந்தாநாள் மதுரைக்குப் போய்வந்த புண்ணியத்தில் காத்தாடி ஜம்மென்று சுற்றியது. வேலுத்தாய் முகத்தில் லேசாகச் சிரிப்புக்கூட வந்தது. மனுஷனுக்கு மனசு அப்போதே கன்னியாகுமரிக் கரையில் கால் நனைத்துவிட்டது.

மத்தியானம் காத்தாடி இழுத்து இழுத்துச் சுற்றி, நின்றது. சிவப்பு லைட்.

வேலுத்தாய் பையிலிருந்து அட்டையை எடுத்தாள். இரண்டு வீசு வீசினாள். பாலகுருவுக்கு இருந்தது ஒரு ஆசை, ஒரே ஆசை, அதுவும் போயிற்று. மதுரைக்காரன் ஏமாத்திட்டான் என்று முணுமுணுத்தார்.

"இது எதுல ஓடும்னு சொன்னீக?" என்றாள் வேலுத்தாய்.

"வெயில்லதான்."

"வெயில் எங்கன இருக்கு?"

பாலகுரு வேனை விட்டு இறங்கி அண்ணாந்து பார்த்தார். மரம் இருந்தது. அதற்கும் கீழே, கூரையில், தன் கையால் விரித்த சாக்கு இருந்தது. ஏறிப்போய் அதை உருவிப் போட்டார்.

ரோஷத்தோடு வண்டியை எடுத்துக் கட்டாந்தரையில், கொளுத்துகிற வெயிலில் கொண்டுபோய் நிறுத்தினார். வண்டி ஓட்ட ஆரம்பித்ததிலிருந்து இதுதான் முதல்தடவை.  கால் மணி நேரத்தில் வேன் அடுப்பாகிவிட்டது. காத்தாடி ஓடினாலும் இதற்குள் எவன் உட்கார்வான்? வேலுத்தாய் இறங்கி நடந்து, பழைய மரத்தடிக்கே போய் நின்றுகொண்டாள்.

அங்கிருந்தபடியே வேனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பட்டாசுக் கம்பெனியில் அவளுக்கு வேலை, தரைச்சக்கரத்தைத் தட்டில் பரப்பி மேடையில் காயப்போடுவது. தட்டு வெயிலில் கிடக்கும், ஆட்கள் கொட்டகை நிழலில் நிற்பார்கள். வெயில் நகர நகரத் தட்டை நகர்த்த வேண்டும், உச்சி ஏறுவதற்குள் அள்ளிவிட வேண்டும். பதினெட்டு வருஷமாக அதுதான் பிழைப்பு.

"தட்டு காயணும்னா தட்டைத்தான வெயில்ல வைப்போம். நாமளுமா போய்ப் படுப்போம்? வண்டியை இங்கன கொண்டாந்து விட்டுட்டு அந்தப் பலகையை மட்டும் கழட்டி வெளிய வைங்க."

அப்போதுதான் சீட்டுக்கு அடியில் கிடந்த பத்து மீட்டர் வயர் அவர் நினைவுக்கு வந்தது. வேன் நிழலுக்கு வந்தது, போல்ட் கழன்றது, பேனல் வெயிலுக்குப் போனது. வேலுத்தாய் முந்தானையை நனைத்து அதன்மேல் காய்ந்துகிடந்த சந்தனத்தை அழுத்தித் துடைத்தாள். அடுப்புக்கு வைத்திருந்த இரண்டு செங்கல்லை எடுத்து முட்டுக்கொடுத்து, சூரியனைப் பார்க்கச் சாய்த்துவைத்தாள். கல் ஆடியது. இடுக்கில் எதையாவது செருக வேண்டும் என்று சுற்றுமுற்றும் பார்த்தவள், காலண்டர் அட்டையை நாலாக மடித்து அங்கே செருகிவிட்டாள்.

ஒரு மணி நேரத்தில் சிவப்பு அணைந்து பச்சை வந்தது. காத்தாடி சுற்றியது. நிழல் நீளும்போதெல்லாம் எழுந்துபோய்ப் பேனலைத் திருப்பி வைத்துவிட்டு வந்தாள். பாலகுரு கன்னியாகுமரிப் பேச்சையே எடுக்கவில்லை. தானாகக் கேட்டால் காரியம் கெட்டுவிடுமோ என்று பயம்.

சாயங்காலம், வெயில் சாய்ந்தபின் பேனலைத் தூக்கிவந்து வேனில் வைத்தாள். அட்டையை அங்கேயே விட்டுவிட்டாள்.

"கன்னியாகுமரியில சூரியன் கடல்லருந்துதான வரும்? அப்ப விடிஞ்சதும் இதைக் கடலைப் பாக்க வச்சிரணும்" என்றாள்.