புதையாத ஸ்கி

பெர்னடெற்றுக்குச் சறுக்கத் தெரியாது. சுவிஸின் லோசான் நகரத்துக்கு வந்து பத்து வருடமாகியும், பனி பெய்த காலையில் பஸ் தரிப்பிடத்துக்குப் போகும்போது சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடப்பாள். அப்படிப்பட்டவள் 1999ஆம் ஆண்டு தை மாதக் கடைசியில் ஒரு ஸ்கிக் கடைக்குள் நின்று, மூன்று சோடி ஸ்கிகளை, பனியில் சறுக்கும் அந்த நீளப் பலகைகளை, மாறி மாறித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். எதை வாங்குவது என்று தானே முடிவெடுக்க வேண்டும் என்ற பிடிவாதத்தோடு வந்திருந்தாள்.

ஸ்கி அவளுடைய மகன் ஜெபநேசனுக்கு. பதினேழு வயது. வீட்டில் கூப்பிடுவது ஜெபன். போன மாரியில் பள்ளிக்கூடம் கூட்டிப்போன ஸ்கி முகாமில், பாதையோரத்து இளகிய பனிக்குள் வாடகை ஸ்கியின் மூக்குக் குத்திப் புதைந்து, அவனுடைய முழங்கால் முறுக்கிக்கொண்டது. மகன் ஊன்றுகோலோடு ரயிலால் இறங்கியதைக் கண்ட நாளிலிருந்து அவளுக்கு நெஞ்சில் ஒரு பாரம். அவளுக்கு வேலை ஆஸ்பத்திரியில், எலும்பு முறிந்தவர்கள் கிடக்கிற மாடியைத் துப்புரவாக்குவது. மலையில் விழுந்தவர்களின் கட்டில்களுக்குக் கீழேதான் அவளுடைய துடைப்பம் தினமும் போய்வரும். மகன் ஸ்கியை விடப்போவதில்லை என்பது தெரிந்துவிட்டது. அப்படியென்றால் புதையாத ஸ்கி ஒன்று வேண்டும். அவளுடைய கணக்கு அவ்வளவுதான்.

கடைக்காரர் விளங்கப்படுத்தினார். ஜெபன் தமிழில் சொன்னான்.

"இது ஒடுக்கம், அம்மா. இறுக்கி உருட்டிவிட்ட பாதையிலை நல்லா வெட்டித் திரும்பும். இளகின பனியெண்டா புதைஞ்சுபோகும்."

"மற்றது?"

"அது அகலம். பஞ்சு மாதிரிப் பனியிலை மேலாலை மிதக்கும். ஆக்கள் சறுக்கிக் குழப்பின கட்டிப் பனி, மத்தியானத்து ஈரப் பனி, எல்லாத்துக்கும் தாக்குப்பிடிக்குமாம். இறுகின பாதையிலை மட்டும் கொஞ்சம் சோம்பல், திருப்ப மினக்கெட வேணும்."

"சோம்பல் நல்லதுதானே. நீ பறக்கத் தேவையில்லை. புதையுமோ எண்டு கேள்."

அவன் கேட்கத் தயங்கினான். அவளே தனக்குத் தெரிந்த பிரெஞ்சில் கேட்டாள். கடைக்காரர் சிரித்துவிட்டு, இந்த மூன்றிலும் கடைசியாகப் புதைவது அகலமானதுதான் என்றார். மகன் எங்கே சறுக்குவான் என்று கேட்டார். "எல்லா இடமும்" என்றான் ஜெபன், அவளைப் பார்க்காமல்.

அடுத்தது நீளம். அதில் பெர்னடெற்றுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. சப்பாத்தோ சட்டையோ மழைக்கோட்டோ, அந்த வீட்டில் பிள்ளைக்கு ஒருநாளும் அளவாக வாங்கியதில்லை. "வளர்ற பிள்ளை. ஒரு அளவு கூடத் தாங்கோ." நீளம் கூடினால் இன்னும் நன்றாக மிதக்கும் என்று கடைக்காரரும் ஒத்துக்கொண்டார். ஜெபனின் முகம் விளக்குப் போட்டதுபோல் ஆனது.

"அம்மா, நல்லதாத் தெரிஞ்செடுத்தனீங்கள்" என்றான். அவன் அப்படியொரு சொல் சொல்லி எவ்வளவோ காலம். அவள் குளிர்ந்துபோனாள்.

அவர்கள் மன்னார்க் கத்தோலிக்கக் குடும்பம். புதிதாக வாங்கிய எதையும் சுவாமியார் மந்திரித்துத் தீர்த்தம் தெளிக்காமல் பாவிப்பதில்லை. அவளுடைய கணவர் யோசப் வாங்கிய பழைய கார், அவளுடைய தையல் மெஷின், எல்லாம் அப்படித்தான். ஆகவே அடுத்த சனிக்கிழமை பின்னேரம், வேலையால் வந்த களைப்போடு, அந்த நீளமான சோடியைத் தோளில் சாய்த்துக்கொண்டு பஸ் ஏறினாள். அவளோடு வேலைசெய்யும் சிவகலா உள்ளே இருந்தாள்.

"என்ன அக்கா, மலைக்கோ?"

"கோயிலுக்கடி. மந்திரிக்க."

சிவகலா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "எங்கடை ஐயரெண்டா கார்ச் சில்லுக்குக் கீழை வைச்சு நசிக்க எலுமிச்சங்காய் கேப்பார். இதிலை சில்லும் இல்லை, எதுக்குக் கீழை வைக்கிறது?"

"சிரி, சிரி. உன்ரை பெடியன் கேக்கேக்குள்ளை தெரியும்."

பங்குச் சுவாமியார் வலே மாநிலத்து மலைக்கிராமம் ஒன்றிலிருந்து வந்தவர். கோயில் வாசலில் ஸ்கியைக் கண்டதும் முகம் மலர்ந்து, ஒன்றைக் கையில் எடுத்தார். புரட்டினார். நடுப்பகுதியை விரல்களால் அளந்து பார்த்தார். மலர்ச்சி மெல்லக் குறைந்தது.

"யாருக்கு, மதாம்?"

"மகனுக்கு, சுவாமி."

"வழிகாட்டியோடு போகிறானா?"

அவளுக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை. அவர் ஆறுதலாக, சின்னச் சின்ன வசனங்களில் சொன்னார். பாதையின் எல்லைக் கம்பங்களுக்குள்ளே சறுக்குகிறவர்கள் இவ்வளவு அகலமும் நீளமுமாக வாங்குவது குறைவு. இது கம்பங்களைத் தாண்டி, யாரும் மிதிக்காத பனிக்குள் போகிறவர்களுக்கு. இந்த வருடம் பனி அளவுக்கு மிஞ்சிக் கொட்டுகிறது. மேலே நிற்பது எப்போது சரியும் என்று அங்கே பிறந்தவர்களுக்கே தெரியவில்லை.

"இது புதையாது எண்டு சொன்னவை, சுவாமி."

"ஸ்கி புதையாது. பனிச்சரிவு வந்தால் அதுவும் புதையும், அதில் நிற்கிறவனும் புதைவான்."

பிறகு அவர் செபித்துத் தீர்த்தம் தெளித்தார். அவள் சிலுவை போடவும் மறந்து நின்றாள்.

வீட்டில் யோசப் உணவகத்து இரவு வேலைக்குப் போக வெளிக்கிட்டுக்கொண்டிருந்தார். தொலைக்காட்சியில் பனிச்சரிவு எச்சரிக்கை போய்க்கொண்டிருந்தது. ஜெபன் ஸ்கியை வாங்க ஓடி வந்தான்.

"மந்திரிச்சாச்சே? நாளைக்கு என்ரை சிநேகிதன் மத்தியூவோடை போறன்."

"எங்கை போறாய்? கம்பத்துக்கு உள்ளுக்கையோ, வெளியாலையோ?"

அவன் திடுக்கிட்டதே அவளுக்குப் போதுமாக இருந்தது. அவனும் மறைக்கவில்லை. "எல்லாரும் போகினம், அம்மா. நாங்கள் ஒண்டும் பேயரில்லை."

"என்னைத்தான் பேய்ச்சியாக்கிப்போட்டாய். கடையிலை என்னைக் கொண்டே கேப்பிச்சனி."

"நான் கேக்கேல்லை. நீங்கள்தான் புதையுமோ எண்டு கேட்டனீங்கள். நீங்கள்தான் நீளம் கூடக் கேட்டனீங்கள். நான் ஒரு பொய்யும் சொல்லேல்லை."

அது உண்மை. அதுதான் அவளைச் சுட்டது. "இஞ்சாருங்கோ, நீங்களும் ஒண்டு சொல்லுங்கோவன்" என்று கணவனைப் பார்த்தாள். யோசப் சப்பாத்து நூலைக் கட்டியபடி, "வாங்கிக் குடுத்தது நீர். நான் சொன்னாக் கேப்பானோ?" என்றுவிட்டுப் படியிறங்கினார்.

ஞாயிறு விடிய பெர்னடெற்றுக்கு வேலை. ஸ்கி இரண்டும் கதவுக்குப் பின்னால் நின்றன. ஜெபன் நித்திரை. அவள் கோட்டை மாட்டினாள், செபமாலையைப் பைக்குள் போட்டாள், பிறகு ஒரேயொரு ஸ்கியை எடுத்துக்கொண்டு கதவைச் சாத்தினாள். ஒற்றை ஸ்கியை வைத்து அவன் என்ன செய்வான்?

பஸ் சாரதி மேலும் கீழும் பார்த்தார். "மற்றக் காலுக்கு, மதாம்?"

அவள் பின்னால் போய் நின்றாள். ஆஸ்பத்திரியில் துடைப்பங்கள் வைக்கும் அறைக்குள் அதைச் சாய்த்துவைத்துப் பூட்டியபோது, பல நாளைக்குப் பிறகு மூச்சு லேசாக வந்ததுபோல் இருந்தது.

அந்த நிம்மதி நெடுநேரம் நிற்கவில்லை. சிவகலா நடைபாதையால் ஓடி வந்தாள். "அக்கா, உங்களுக்கு ரெலிபோன். பெடியன் கத்துறான்."

"எங்கை என்ரை மற்ற ஸ்கி?"

"என்னட்டைத்தான் இருக்கு. நீ வீட்டிலை இரு, அப்பன். நான் வந்து கதைக்கிறன்."

"வீட்டிலையோ? நான் ஸ்ரேஷனிலை நிக்கிறன். மத்தியூ தன்ரை பழைய ஸ்கியைத் தந்திட்டான். அந்த ஒடுக்கமானது. போயிட்டு வாறன்."

"ஜெபன், டேய், அது புதையுமெல்லே..."

அவன் வைத்துவிட்டான். பெர்னடெற் றிசீவரைக் கையில் வைத்தபடியே நின்றாள். அவள் பயந்ததெல்லாம் பனிக்குள் மகன் புதைவதைத்தான். இப்போது அதே சரிவுக்கு, புதையக்கூடிய ஸ்கியோடு அவனை அனுப்பி வைத்தவள் அவள்தான். மிதக்கக்கூடியது இங்கே துடைப்பங்களுக்கு நடுவில் பூட்டிக் கிடக்கிறது.

அன்றைக்கு அவள் எந்த அறையைத் துடைத்தாள், எதை விட்டாள் என்று அவளுக்கே தெரியாது. மலையில் விழுந்தவர்களைக் கொண்டுவரும் ஹெலிகொப்ரர் கூரையில் இறங்கும் சத்தம் கேட்கும்போதெல்லாம் வாளியை வைத்துவிட்டு லிப்ற் வாசலில் போய் நின்றாள். வந்தது ஒரு வயதானவர். அடுத்தது ஒரு பெண். சிவகலா பகிடி விடுவதை நிறுத்திவிட்டு, அவளுடைய பங்கு வேலையையும் சேர்த்துச் செய்தாள். "பிள்ளை வந்திடுவான் அக்கா. வராட்டித்தான் ஆரும் ரெலிபோன் அடிப்பினம்" என்றாள்.

ஜெபன் வந்தான். பொழுதுபட்டு, விளக்குகள் கொளுத்திய பிறகு. இடுப்புவரை நனைந்திருந்தான். குசினிக் கதிரையில் இருந்து, அவள் கொடுத்த தேத்தண்ணிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்தான்.

"கம்பத்தைத் தாண்டின உடனை ஸ்கி புதைஞ்சுபோச்சுது" என்றான். "மத்தியூவும் மற்றவங்களும் இறங்கிப் போயிட்டாங்கள். நான் நடுச்சரிவிலை, இடுப்பளவு பனிக்குள்ளை. காலை இழுக்கேலாமல் நிக்கேக்குள்ளை காலுக்குக் கீழை வும் எண்டு ஒரு சத்தம். முழுச் சரிவும் ஒருக்காப் பதிஞ்ச மாதிரி. நான் அசையேல்லை, அம்மா. மூச்சும் விடேல்லை."

"பிறகு?"

"ஒண்டும் நடக்கேல்லை. ஸ்கியைக் கழட்டிப்போட்டு, தவண்டு தவண்டு பாதைக்கு ஏறினனான்." சட்டென்று குரல் உயர்ந்தது. "அகலமானது இருந்திருந்தா நான் அங்கை நிண்டிருக்க மாட்டன். அவங்களோடை கீழை போயிருப்பன்."

"அகலமானது இருந்திருந்தா இன்னும் எவ்வளவு தூரம் உள்ளுக்கை போயிருப்பாய்?"

அவள் ஸ்கியை எடுத்துப் போனதால் அவன் தப்பினானா, அல்லது அதனால்தான் அந்தச் சரிவின் நடுவில் மாட்டினானா? யார் சொல்ல முடியும்? அவள் அவனுடைய ஈரச் சப்பாத்தைக் கழற்றினாள். அவன் தடுக்கவில்லை.

திங்கட்கிழமை அவள் அந்த ஒற்றை ஸ்கியைத் திரும்பக் கொண்டுவந்து, அதன் சோடியோடு வைத்தாள். இனிப் பூட்டிவைத்துப் பிரயோசனமில்லை என்று தெரிந்துவிட்டது. அந்தக் கிழமை வியாழன்வரை பனி கொட்டியது. அவன் ஸ்கியைத் தொடவில்லை. வெள்ளிக்கிழமை வானம் வெளித்தது. சனிக்கிழமை பின்னேரம் கதவுக்குப் பின்னாலிருந்து இரண்டையும் எடுத்து, மேசையில் கிடத்தி மெழுகு தேய்க்கத் தொடங்கினான்.

பெர்னடெற் வெங்காயம் உரித்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். "நாளைக்கு எங்கை?"

"உள்ளுக்கைதான். கம்பத்துக்கு உள்ளுக்கை."

"மெய்யோ?"

அவன் தேய்ப்பதை நிறுத்தினான். பொய் சொல்லாமல் எவ்வளவு சொல்லலாம் என்று யோசிப்பதுபோல் இருந்தது.

"நாளைக்கு மெய், அம்மா."

அதற்கு அடுத்த கிழமையைப் பற்றி அவள் கேட்கவில்லை. கத்தியை எடுத்து அடுத்த வெங்காயத்தை வெட்டினாள்.