கூலி ஏறாத கணக்கு

போன தை மாதம் நடந்தது இது. கள்ளக்குறிச்சியில் சின்ன அறை ஒன்றை வாடகைக்குப் பிடித்து, கடைக்காரர்களுக்கும் மகளிர் குழுக்களுக்கும் கணக்கு எழுதிக் கொடுப்பது என் பிழைப்பு. செல்போனில் பில்லைப் படம் எடுத்து அனுப்பினால் தானே கணக்கு எழுதிவிடும் ஏ.ஐ. ஆப் வந்த பிறகு, ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டிருந்தார்கள். எரிச்சல் வராமல் இருக்குமா?

கல்வராயன் மலையில் சாமை அரிசி விற்கும் ஒரு மகளிர் குழுவும் அந்த ஆப்புக்கு மாறியிருந்தது. திடீரென்று ஒருநாள் அதன் தலைவி போன் செய்தார். சென்னை வியாபாரி ஒருவர் வருஷம் முழுக்க ஒரே விலைக்கு அரிசி கேட்கிறாராம். நல்ல லாபம், ஒத்துக்கொள்ளலாம் என்று ஏ.ஐ. சொல்லிவிட்டதாம்.

"நாளைக்குக் கையெழுத்து. இருந்தாலும் நீங்க ஒருவாட்டி பாத்துச் சொன்னா தெம்பா இருக்கும்க்கா," என்றார்.

மெஷினை மாட்டிவிட இதைவிட நல்ல சந்தர்ப்பம் வருமா? உடனே பஸ் ஏறினேன். கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறும் வரைக்கும், அவர் அனுப்பிய கணக்கைத் துருவிக்கொண்டே போனேன். சாமை வாங்கியது, சாக்கு, பாக்கெட், வண்டி வாடகை எல்லாம் சரி. ஒரு தப்புகூட இல்லை. வயிற்றெரிச்சல்தான் மிச்சம்.

நான் போனபோது கொட்டகையில் பெண்கள் சாமை குத்திப் புடைத்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி குழந்தைக்குப் பால் கொடுக்க எழுந்தாள். யாரும் சொல்லாமலே இன்னொருத்தி வந்து உலக்கையை வாங்கிக்கொண்டாள். இதற்கெல்லாம் கூலி எவ்வளவு என்று தலைவியிடம் பேச்சுவாக்கில் கேட்டேன். சிரித்துவிட்டார்.

"நம்ம வேலைக்கு நாமே கூலி வாங்குவமாக்கா? இன்னிக்கு இவ, நாளைக்கு நானு. மாத்தி மாத்தி குத்திக்கினு கெடக்குறோம்."

எனக்குச் சுருக்கென்றது. இந்த வேலைக்கு பில் கிடையாது. பில் இல்லாததைப் படம் எடுத்து அனுப்பவும் முடியாது. ஏ.ஐ.யைத் திட்டலாம் என்று திறந்த வாயை அப்படியே மூடிக்கொண்டேன். கீழே என் மேஜையில் உட்கார்ந்து நான் எழுதியிருந்தாலும் இதே கணக்கைத்தான் எழுதியிருப்பேன், இதே லாபத்தைத்தான் காட்டியிருப்பேன்.

எல்லாரையும் சுற்றி உட்கார வைத்தேன். ஒரு மூட்டை குத்த எத்தனை பேர், எவ்வளவு நேரம் என்று கேட்டு, கீழே கரும்பு வெட்டப் போனால் கிடைக்கும் கூலியை அதற்குப் போட்டேன். அதே ஆப்பில்தான் போட்டேன். உடனே பதில் வந்துவிட்டது. வியாபாரி சொன்ன விலைக்கு விற்றால் நஷ்டம்.

"அப்போ வருசம் பூரா சும்மாவே குத்திக் குடுத்திருப்போமே," என்றார் தலைவி.

நான் கிளம்பும்போது, பால் கொடுக்கப் போன அந்தப் பெண் குழந்தையோடு பஸ் நிற்கும் இடம் வரைக்கும் வந்தாள். "இனிமே எனக்கும் கூலின்னு கணக்குல ஏறுமாக்கா? நான் செய்யிற வேலை இதுவரைக்கும் எதுலயும் ஏறினதில்ல," என்றாள். ஏறும் என்று தலையை ஆட்டி, நோட்டை எடுத்து அவள் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டேன்.

மறுநாள் அவர்கள் கையெழுத்துப் போடவில்லை. கொஞ்ச நாள் முறுக்கிக்கொண்ட வியாபாரி பிறகு இறங்கி வந்தார். குழு கேட்ட விலை கிடைக்காவிட்டாலும் கூலி தேறியது.

கூட்டல் கழித்தலை இப்போது நானும் மெஷினிடமே விட்டுவிட்டேன். ஆனால் எந்தக் கணக்கு வந்தாலும், இதில் ஏறாமல் போன உழைப்பு யாருடையது என்று நேரில் போய்ப் பார்க்காமல் நான் சரி சொல்வதில்லை.