குடை பிடித்தவர்

ஜப்பானுக்குப் போகும் எண்ணம் என்னுடையதல்ல. நண்பரின் மகன் ஒசாக்காவில் ஆங்கிலம் படிப்பித்துக்கொண்டிருந்தான். அவ்வளவு நேரம் விமானத்தில் இருக்க முடியாதென்று நண்பரின் மனைவி மறுத்துவிட்டார். அதனால் நண்பர் என்னைக் கேட்டார். மொன்றியலுக்கு வந்த புதிதில் ஒரே அறையில் படுத்தெழும்பியவர்கள் நாங்கள். பிறகு அவர் நகருக்கு வெளியே டொலார்டில் வீடு வாங்கிப் போனார். நான் வில்லரேயில் வாடகை வீட்டிலேயே நின்றுவிட்டேன். ஆனாலும் போக்குவரத்து விட்டுப்போகவில்லை.

புறப்படுமுன் அவர் விலை கூடிய டிஜிட்டல் கமரா ஒன்று வாங்கினார். விமானத்தில் அதன் கையேட்டை விரித்தவர் சற்று நேரத்தில் தூங்கிப்போனார். ஒசாக்காவில் இறங்கியதும் கமராவை என் கழுத்தில் மாட்டினார்.

“ஐசே, நீரே எடும். எனக்கு உந்த பட்டனுகள் ஒண்டும் விளங்கேல்லை.”

மகன் வேலைக்குப் போனதும் நாங்கள் ரயிலேறி கியோட்டோவுக்கோ நாராவுக்கோ போவோம். அதுவரை பிள்ளைகளின் பிறந்தநாளைத் தவிர வேறெதையும் நான் படம் எடுத்ததில்லை. அங்கே, சத்தமில்லாத அந்தக் கோயில்களில், என் கண்ணுக்கு எல்லாம் புதிதாகப் பட்டன. பாசி படர்ந்த கல்விளக்கு, கழுத்தில் சிவப்புத் துணி கட்டிய கல்நரி, வெறும் மணலை வாரிக் கோடிழுத்த முற்றம். நண்பர் ஏதாவதொரு வாங்கில் குந்தியிருப்பார்.

ஒருநாள் மலைக்கோயிலொன்றில் மழை பிடித்துக்கொண்டது. படிக்கட்டு நெடுக சிவப்பு மர வாசல்கள். ஆட்கள் கலையட்டும் என்று நின்றேன். கமரா நனையாமல் நண்பர் குடை பிடித்தபடி முணுமுணுத்தார்.

“ஒரு வாசலை எடுக்க இவ்வளவு நேரமோ? பசிக்குது, வாரும்.”

“கொஞ்சம் பொறும்.”

வெள்ளை அங்கி அணிந்த பூசகர் ஒருவர் ஈரப்படியில் ஏறிப் போனார். கடைசி வாசலில் நின்று ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பட்டனை அமத்தினேன். திரையில் அந்தப் படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். ஆயுள் முழுக்க யாரோ சொன்ன வேலையைச் செய்தவன் நான். இது எனக்கு வருகிறது என்று அன்றைக்குத்தான் கண்டேன்.

திரும்பி வந்தபின் படங்களைக் கேட்டேன். “பேந்து சீடியில போட்டுத் தாறன்” என்றார். பனி விழுந்து கரைந்தது. சீடி வரவில்லை, அவருடைய படக் கண்காட்சிக்கு அழைப்புத்தான் வந்தது.

எங்கள் வீட்டுக்குக் கிட்டவே ஒரு மண்டபம். என் படங்கள் பெரிதாகி, சட்டம் போட்டுச் சுவரில் தொங்கின. ஒவ்வொன்றின் கீழும் அவருடைய பெயர். பூசகரின் படத்துக்கு முன்னால் நின்று அவர் சனத்துக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்: “மழைக்குள்ள எவ்வளவு நேரம் நிண்டன் தெரியுமே? பொறுமை வேணும்.”

நான் மழைக்குள் காத்து நின்றதைக்கூடத் தன்னுடையதாக எடுத்துக்கொண்டுவிட்டார். என்னைக் கண்டதும் தோளில் கைபோட்டார்.

“இவரும் என்னோட வந்தவர். குடை பிடிச்சவர்.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இன்றுவரை ஆறாதது அந்தச் சிரிப்புத்தான்.

வெளியே கார் தரிப்பிடத்தில் கேட்டேன். “படம் நான் எடுத்ததெல்லோ?”

அவர் உண்மையிலேயே வியந்து போனார். “ஓம், நீர்தான் அமத்தினீர். ஆனா கமரா என்ரது. மகன் என்ரவன். பயணம் என்ரது. இதில என்ன கிடக்கு?”

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். “உந்தச் சின்ன விசயத்துக்கோ அந்தாளோட கோவிக்கப் போறியள்?” என்றாள். அதற்குப் பிறகு அவளிடமும் அதைப் பற்றிக் கதைக்கவில்லை.

அடுத்த மாரியில் நண்பர் போன் எடுத்தார். “தாய்லாந்துக்குப் போறன். வாறீரோ?” அதே பழைய குரல். தான் என்ன செய்தார் என்று அவருக்குத் தெரியவே இல்லை. முடியாதென்று சொல்லி வைத்துவிட்டேன். பிறகு அவர் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

பூசகரின் படத்தைப் போட்டு அவர் கலண்டரும் அடித்திருந்தார். ஒரு ஞாயிறு சாப்பிடப் போனபோது மச்சாள் வீட்டுக் குசினியில் அது தொங்குவதைப் பார்த்தேன்.

“என்ன வடிவான படம்! உங்கட சிநேகிதருக்கு நல்ல கண்” என்றாள் மச்சாள்.

“ஓம்” என்றேன். அவள் இன்னொரு அகப்பை சோறு போட்டாள்.